பையில் இரண்டு பம்பு

கடைக்குட்டிக்கு ஆறு மாதம் நிரம்பிய வாரத்தில் அவள் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தாள். கணவனிடம் சொன்னது மறுநாள்தான். அவன் அப்போது குழந்தையை மெத்தையில் மல்லாக்கப் போட்டு, ஒரு கையால் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்தபடி துடைத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

“எவ்வளவுன்னு சொன்ன?”

“இருநூறு.”

“மீட்டரா?”

“கிலோமீட்டர்.”

“ஒரே நாள்லயா?”

“பதிமூணரை மணி நேரத்துல.”

அவன் யோசித்தான். அந்த இடைவெளியில் குழந்தை புரண்டு படுத்துத் தப்பிக்கப் பார்த்தது. அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “சரி, எனக்கு என்ன வேலைன்னு சொல்லு” என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்று அவள் பிற்பாடு தன் தோழிகளிடம் சொல்வதுண்டு. அன்று அதையெல்லாம் சொல்லவில்லை. “அந்த டவலை எடுங்க, மெத்தை நனையுது” என்றுதான் சொன்னாள்.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். “மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, விடலாம்” என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்லவேண்டும். வீட்டில் பிள்ளைகள் கசப்பு மருந்து குடிக்கும்போதும் அதையேதான் சொல்வாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பு அவள் இருநூறு கிலோமீட்டர் மூன்று தடவையும், முந்நூறு ஒரு தடவையும் ஓட்டியிருக்கிறாள். முதல் பிள்ளை பிறந்ததும் சைக்கிள் பால்கனிச் சுவரில் கொக்கியில் ஏறியது. அதன் பிறகு அது துணி காயப்போடும் கொடியாக ஏழு வருடம் உழைத்தது. ஹாண்டில்பாரில் இரண்டு சின்னச் சட்டை, சீட்டில் ஒரு தொப்பி, குறுக்குக் கம்பி நெடுகக் குழந்தைத் துணிகள்.

மூத்தவளுக்கு ஏழு வயது. வீட்டில் யார் எப்போது குளிப்பது, எந்தத் தட்டில் யார் சாப்பிடுவது என்பதையெல்லாம் அவள்தான் தீர்மானிப்பாள். அதனால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். அடுத்தவனுக்கு நாலு வயது. நடை பழகிய காலத்தில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்ததால் வாத்து ஆனான். இப்போது நன்றாகவே நடக்கிறான், பெயர் மட்டும் போகவில்லை. மூன்றாவதற்கு இன்னும் பட்டப்பெயர் அமையவில்லை. பாப்பா என்றால் அது திரும்பிப் பார்க்கும்.

கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கிய அன்று மேனேஜர் இடுப்பில் கைவைத்து நின்றாள். “துணியை எங்க காயப்போடுறதும்மா?”

பயிற்சிக்கென்று தனியாக நேரம் எங்கிருந்து வரும்? மருத்துவமனை பதினோரு கிலோமீட்டர். போகும்போது நேர்வழியில் போய், வரும்போது ஊரைச் சுற்றிக்கொண்டு இருபத்தைந்தாக ஆக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா முதல் பால் குடித்துத் தூங்கியதும் கிளம்பி, அது அடுத்த பாலுக்கு முழிப்பதற்குள் திரும்பிவிடுவாள். கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் ஒருநாள் படியில் மறித்து, “ஏம்மா, மூணு பிள்ளைங்க பின்னாடி ஓடுறது பத்தலையா உனக்கு?” என்றாள். “அது ஓட்டம் அண்ணி, இது உட்கார்ந்துக்கிட்டே போறது” என்று இவள் சொன்னாள். நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக பயணம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் காரையும் தருவதாகச் சொன்னாள்.

கார் தேவைப்பட்டதற்குக் காரணம் பாப்பா. அதற்கும் பால் புட்டிக்கும் ஏழாம் பொருத்தம். மசித்த வாழைப்பழம் கொடுத்தால் ஏதோ போனால் போகிறதென்று தின்னும். ஆனால் பசியும் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அம்மா வேண்டும். வேறு எதைக் காட்டினாலும் பாராமுகம்தான். தலைகீழாக நின்று பார்த்தாகிவிட்டது. ஆகவே ஒரு திட்டம் போட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பயணம் தொடங்கும். ஒரே சாலையில் நூறு கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பவேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு சாவடி. அங்கே கையிலுள்ள அட்டையில் முத்திரை வாங்கவேண்டும். ஒவ்வொரு சாவடிக்கும் மூடும் நேரம் உண்டு. நூறாவது கிலோமீட்டர் சாவடிக்கு அவள் பதினொன்றரைக்கு வந்து சேர்வாள், அவன் பிள்ளைகளோடு அங்கே காத்திருப்பான், பாப்பா குடிக்கும், அவள் திரும்பிவிடுவாள்.

“சாவடியில மட்டும்தான் நீங்க எனக்கு எதுவும் தரலாம்” என்று பிள்ளைகளிடம் விதியை விளக்கினாள். “வழியில பாத்தா கையாட்டலாம். தண்ணி, பிஸ்கட் எதுவும் கூடாது. வாங்கினா எனக்கு அவுட்.”

“முத்தம்?” என்றான் வாத்து.

“அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணே ஒண்ணுதான் கொடுக்கணும்” என்றாள் மேனேஜர். “அதிகமா கொடுத்தா நேரமாயிடும்.”

புறப்படும் இடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். பெண்கள் ஐந்து பேர். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒருவர் ஒவ்வொருவருடைய விளக்கு, பிரேக், பை எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டு வந்தார். மற்ற நாட்களில் அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அந்தப் பார்வையை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றி வைக்க அவரால் முடியவில்லை. அவளுடைய பையைத் திறந்தார். இரண்டு ட்யூப், ஒட்டுப் போடும் சாமான், ஒரு முழ நீளத்தில் காற்றடிக்கும் பம்பு. அதற்கடியில் புனல் வைத்த இன்னொன்று.

“இது எந்த டயருக்கும்மா?”

“அது டயருக்கு இல்ல சார். வீட்ல எட்டு மாசப் பிள்ளை இருக்கு.”

அவருக்கு விளங்க மூன்று நொடி ஆயிற்று. காது மடல் இரண்டும் சிவக்க, பையை அவரே மூடி, ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. குளிர்ந்த காலை. முதுகுக்குப் பின்னால் காற்று. யாரும் அவளை “அம்மா” என்று கூப்பிடவில்லை. யாருக்கும் மூக்குத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு பட்டியல் (பால் வாங்கணும், வாத்துவுக்கு நகம் வெட்டணும், சீருடை தோய்க்கணும்) பதினெட்டாவது கிலோமீட்டர் வாக்கில் எங்கேயோ நின்றுபோனது. நின்றதை இருபத்தைந்தில்தான் கவனித்தாள்.

முதல் சாவடி ஒரு பெட்ரோல் நிலையம். முத்திரை வாங்கியதும், காசாளர் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, அவளுடைய சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புனல் பம்பை வைத்துப் பாரத்தை இறக்கினாள். இறக்கியதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. வெளியே தொட்டியில் வாடி நின்ற ஒரு செடிக்கு ஊற்றினாள். காசாளர் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதிர்ஷ்டக்காரச் செடி” என்றாள்.

நூறாவது கிலோமீட்டரை எட்டும்போது பதினொன்று இருபது. சாவடி ஒரு பள்ளிக்கூட வாசலில் இருந்தது. அதே டிக்கெட் பரிசோதகர்தான் ஸ்கூட்டரில் முன்னால் வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முத்திரை குத்தினார். அவள் சுற்றிலும் பார்த்தாள். நாத்தனாரின் கார் இல்லை.

பத்து நிமிடம் பொறுத்தாள். போன் செய்தால் மணி அடிக்கவே இல்லை. இருபது நிமிடம். உடல் தன் கணக்கில் ஒரு கடிகாரம் வைத்திருந்தது. சட்டை இறுகத் தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு, திரும்பிப் போனார்கள். பதினொன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. அவன் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

“எங்க இருக்கீங்க?”

“ஒரு மண்மேட்டு மேல. இங்கதான் சிக்னல் கிடைக்குது.”

“மண்மேட்டுல என்ன பண்றீங்க?”

“டயர் போச்சு. ஸ்டெப்னி மாட்டலாம்னு எடுத்தா, அதுலயும் காத்து இல்ல. அக்கா அதை வாங்கினதுலேருந்து தொட்டே பாக்கலபோல.”

“மெயின் ரோடுல யாரையாவது நிறுத்திக் கேளுங்களேன்.”

இந்த இடத்தில் அவன் கொஞ்சம் தயங்கினான். “மெயின் ரோடுல இல்ல. ஒரு குறுக்குவழி இருக்குன்னு…”

கல்யாணமான எட்டு வருடத்தில் அவனுடைய குறுக்குவழிகள் எதுவும் குறுகியதாக இருந்ததில்லை. பெருஞ்சாலையில் அவள் திரும்பிப்போகும் வழியில், நூற்றுப்பதினெட்டாவது கிலோமீட்டரில், செங்கல் சூளைக்குப் பிரியும் ஒரு சாலையில் நாலு கிலோமீட்டர் உள்ளே அவர்கள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை. சூளையில் ஆளில்லை.

“பாப்பா?”

பதிலை அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. தூரத்தில் காருக்குள்ளிருந்து வந்த குரல் மண்மேடு வரை கேட்டு, அங்கிருந்து போன் வழியாகவும் கேட்டது. அதற்கு அவள் உடம்பு உடனே பதில் சொன்னது. சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது.

“அங்கேயே இருங்க. வரேன்.”

“எங்கயும் போகமுடியாதே” என்றான் அவன், பாவமாக.

பரிசோதகரிடம் போய்க் கேட்டாள். “சார், பாதையை விட்டு விலகிப் போகலாமா?”

“எந்த இடத்துல விலகுனீங்களோ அதே இடத்துக்குத் திரும்பி வந்து தொடரணும். போன தூரம் கணக்குல வராது. நேரம் மட்டும் வரும்.” அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “அடுத்த சாவடி நாலு மணிக்கு மூடிடும். நான்தான் மூடுவேன்.”

பதினெட்டு கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்தில் முடித்தாள். காலையில் தள்ளிக்கொண்டு வந்த அதே காற்று இப்போது எதிரே நின்று நெஞ்சில் கைவைத்தது. சூளைச் சாலை அதைவிட மோசம். குழி, கல், செங்கல் துண்டு. ஒரு வளைவு திரும்பியதும் நாத்தனாரின் வெள்ளைக் கார் ஒரு பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருப்பது தெரிந்தது. காரின் கூரைமேல் மேனேஜர் நின்றிருந்தாள்.

“வந்துட்டாங்க! அப்பா, அம்மா வந்துட்டாங்க! நான்தான் முதல்ல பாத்தேன்!”

“நான்தான்” என்றான் வாத்து. அவன் காருக்கடியில் இருந்தான்.

கணவன் பாப்பாவைத் தோளில் போட்டுக் குலுக்கியபடி எதிரே ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் பால் கொடுக்கவேண்டும் போலிருந்தது. அவள் சைக்கிளைக் காரில் சாய்த்துவிட்டு, பாப்பாவை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பாப்பா ஒரு விக்கலோடு அழுகையை நிறுத்தி, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கியது. குடிக்கும்போதே கோபமாக ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. எங்கே போயிருந்தாய் என்று கேட்கும் பார்வை. அவள் சீட்டில் தலையைச் சாய்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உயிர் வந்தது.

“அம்மா, முட்டை” என்று ஜன்னல் வழியாக மேனேஜர் கையை நீட்டினாள். “நானே உரிச்சது.”

கொஞ்சம் பிய்ந்துபோன, விரல் தடம் பதிந்த ஒரு வேகவைத்த முட்டை. நூற்று இருபது கிலோமீட்டர் மிதித்த வயிறு அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தது.

“இங்க வாங்கக்கூடாதே கண்ணு. சாவடியில மட்டும்தான்.”

மேனேஜரின் கீழுதடு நடுங்கியது. ஆனால் விதி விதிதான் என்பதை அவளைப் போல் புரிந்துகொள்பவர்கள் அந்த வீட்டில் வேறு யாருமில்லை. முட்டையைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினாள்.

“ஏங்க,” என்று அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள். “என் பையில பம்பு இருக்கு. எடுத்து ஸ்டெப்னிக்கு அடிங்க.”

அவன் ஒரு பம்பை வெளியே எடுத்தான்.

“அது இல்ல! இன்னொண்ணு!”

சைக்கிள் பம்பால் கார் டயருக்குக் காற்றடிப்பது தேக்கரண்டியால் கிணறு இறைப்பது மாதிரி. ஆனால் அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் ஸ்டெப்னியைத் தரையில் போட்டு, முழங்காலிட்டு அடிக்கத் தொடங்கினான். எண்ணும் பொறுப்பை மேனேஜர் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும் என்பதால், ஒவ்வொரு நூறுக்கும் காரின் மூக்கில் ஒரு செங்கல் துண்டை வைப்பது என்று முடிவாயிற்று. மூன்று துண்டு சேர்ந்தபோது அவன் சட்டையைக் கழற்றினான். நாலாவது வைக்கப்போனபோது இரண்டுதான் இருந்தது. மூன்றாவதை வாத்து ஒரு ஓணானின் மேல் எறிந்திருந்தான்.

“இப்ப எத்தனைன்னு எப்படித் தெரியும்?” என்று மேனேஜர் கத்தினாள். “அப்பா, முதல்லேருந்து அடி!”

“டயருக்குத் தெரியும்டா கண்ணு, அதுக்குத் தெரியும்” என்று மூச்சு வாங்கினான் அவன்.

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நூறாவது கிலோமீட்டர் சாவடியை நேரத்துக்கு மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்த பரிசோதகர், பிரிவுச் சாலையில் சைக்கிள் டயரின் தடத்தைப் பார்த்து உள்ளே திருப்பியிருந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது காரில் சாய்ந்திருந்த சைக்கிள். இரண்டாவது, வெற்று மேனியோடு கையில் பம்பு வைத்திருந்த புருஷன்.

“நிறுத்துங்க!” ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே அவர் கத்தினார். “சாவடிக்கு வெளியில ஓட்டுறவங்களுக்கு யாரும் உதவி செய்யக்கூடாது. விதி தெரியுமில்ல?”

“அறுபத்தாறு, அறுபத்தேழு” என்றாள் மேனேஜர். “அப்பா, நிறுத்தாத.” பிறகு பரிசோதகரை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க அம்மாவுக்கு யாரும் உதவி செய்யல. அம்மாதான் எங்களுக்கு உதவி செய்றாங்க. இது அவங்க பம்பு. இது எங்க டயர்.”

அவர் குனிந்து பம்பின் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தார். கார்ச் சக்கரத்துக்குத்தான் போயிற்று. பின்சீட்டை எட்டிப் பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பி, சூளையின் புகைபோக்கியை உற்றுப் பார்த்தபடி விசாரணையைத் தொடர்ந்தார்.

“ஏம்மா, இவங்ககிட்ட ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீங்களா?”

“ஒரு வாய் தண்ணிகூட இல்ல சார்.”

“நான் முட்டை கொடுத்தேன். வேணாம்னுட்டாங்க” என்றாள் மேனேஜர். அதைச் சொல்லும்போது மறுபடி குரல் உடைந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, உதடசைத்துப் படித்தார். ஒரு பக்கம் திருப்பினார். பின்னட்டையையும் பார்த்தார்.

“உதவி ‘பெறக்கூடாது’ன்னுதான் போட்டிருக்கு. கொடுக்கிறதைப் பத்தி ஒண்ணும் காணோம்.” தலையைச் சொறிந்தார். “பிள்ளைக்குப் பால் கொடுக்கிறது… இதை எழுதினவன் யோசிச்சே பாத்திருக்கமாட்டான்.”

“ஆம்பளையா இருப்பான் சார்” என்றாள் அவள் உள்ளிருந்து.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் டிக்கெட் பரிசோதகர் பாதி ஆளாகக் குறைந்துபோனார். அதே நொடியில் வாத்து மறுபக்கக் கதவு வழியாக ஏறி, தான் பாதி சப்பி வைத்திருந்த ஒரு பிஸ்கட்டை அன்பாக அம்மாவின் வாயில் திணித்தான்.

எல்லோரும் உறைந்துபோனார்கள்.

“துப்பு! அம்மா, துப்பு!” என்று மேனேஜர் அலறினாள்.

அவள் துப்பினாள். வாத்து அதைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

“நான் புகைபோக்கியைப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார் பரிசோதகர். பிறகு ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ஸ்கூட்டரில் போட்டுவிட்டு, “கொஞ்சம் நகருங்க தம்பி, உங்களுக்குக் கை ஓஞ்சுபோச்சு” என்று பம்பை வாங்கினார். ஒரு முழு நூறு அடித்தார். மேனேஜர் அவருக்காக ஒரு பெரிய செங்கல் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். புறப்படும்போது மட்டும் குரலை மாற்றிக்கொண்டார். “நாலு மணி, ஞாபகம் இருக்கட்டும். நாலு அடிச்சா முத்திரை பைக்குள்ள போயிடும். ரயில் யாருக்காகவும் நிக்காதும்மா.”

ஸ்டெப்னியை மாட்டி முடிக்கும்போது ஒன்று ஐம்பது. பாப்பா குடித்து முடித்து, வாய் ஓரத்தில் ஒரு துளியோடு, மலர்ந்து கிடந்தது. அதன் நெற்றியில் ஒரு முத்தம், மேனேஜருக்கு ஒன்று, வாத்துவுக்கு ஒன்று. கணவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“குறுக்குவழின்னு இனிமே வாயைத் திறக்கமாட்டேன்.”

“திறப்பீங்க” என்று சொல்லி, வியர்வையில் நனைந்த அவன் கன்னத்திலும் ஒன்று வைத்தாள். “மெதுவா ஓட்டுங்க. எனக்கு முன்னாடியும் வரக்கூடாது, பின்னாடியும் வரக்கூடாது. காத்தை மறைச்சீங்கன்னா அதுவும் உதவி. என்னைத் தாண்டிப் போய்க்கிட்டே இருங்க.”

பிரிவுச் சாலையிலிருந்து மறுபடி பெருஞ்சாலையைத் தொடும்போது இரண்டு பத்து. முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். காற்றில்லாத நாளில் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம். இன்று காற்று இருந்தது. கார் அவளைத் தாண்டியபோது பின் கண்ணாடியில் இரண்டு முகங்கள் அப்பிக்கொண்டிருந்தன. மேனேஜர் ஏதோ கத்தினாள்; கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. வாத்து கையாட்டினான், கார் புள்ளியாகும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு சாலையில் அவள் மட்டும்தான். குனிந்து, முழங்கையை மடக்கி, முன் சக்கரத்துக்கு இரண்டு முழம் தள்ளி இருக்கும் தாரை மட்டும் பார்த்து மிதித்தாள். தொடை எரிந்தது. ஒரு ஏற்றத்தில் வேகம் நடைக்குச் சமமாகிவிட்டது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. நூற்று நாற்பது ஓட்டியதே பெரிய விஷயம், எட்டு மாதப் பிள்ளைக்காரிக்கு யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அப்படி நினைத்தவுடன் அவளுக்கே கோபம் வந்தது. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதில்தான் கோபம். “மூச்சை நல்லா இழுங்க” என்று உரக்கச் சொல்லிக்கொண்டாள். “பிடிங்க. விடலாம்.” நோயாளிகளுக்குச் சொல்லும் அதே ராகத்தில். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஏற்றத்தின் உச்சிக்கு வந்தாள். கீழே ஊர் தெரிந்தது.

திரும்பும் வழிக்கான அந்தச் சாவடி, காலையில் நின்ற பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே, ஒரு ரொட்டிக்கடை வாசல். பரிசோதகர் மேசையை விட்டு எழுந்து நடுச்சாலைக்கே வந்து, கடிகாரமும் கையுமாக நின்றிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் மேனேஜரும் வாத்துவும் அதே மாதிரி கைகட்டி நின்றார்கள்.

“மூணு ஐம்பத்து நாலு!” என்று அவரே கத்தினார். சத்தம் போட்டது தான்தான் என்று உணர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்டையில் முத்திரையை நேராகக் குத்தினார்.

மேனேஜர் டப்பாவைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்து முறைப்படி கேட்டாள். “இப்ப கொடுக்கலாமா சார்?”

“இப்ப தாராளமா.”

முட்டை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். சாதாரண நாளில் வாயில் வைக்க முடியாது. வியர்த்து ஒழுகிய உடம்புக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. விரல்களையும் நக்கினாள். “இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். மேனேஜரின் முகம் அன்று முதல் தடவையாக மொத்தமும் விரிந்தது. டப்பாவில் இன்னும் மூன்று இருந்தன.

பாப்பாவுக்கு மறுபடி ஒரு வேளை ஆயிற்று, ரொட்டிக்கடைப் பெஞ்சில், வழியில் போகிறவர்கள் பார்க்காதபடி கணவன் கைகளை அகல விரித்துத் திரையாக நிற்க. கடைசி ஐம்பது கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது. காற்றும் அடங்கியது. ஆறு நாற்பத்தொன்றுக்கு, வெளிச்சம் மஞ்சளாக மாறிக்கொண்டிருக்கும்போது, அவள் முடித்தாள். புறப்பட்ட நாற்பது பேரில் முடித்தவர்கள் முப்பத்துமூன்று, அவள் முப்பத்தொன்றாவது. பரிசோதகர் கடைசி முத்திரையைக் குத்திவிட்டுக் கை கொடுத்தார். “முந்நூறு இருக்கு, அடுத்த வருஷம்” என்றார். “பாப்பாவுக்குப் பல் முளைச்சிருக்கும்.”

வீட்டுக்கு வந்து, குளித்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கனத்துப்போன இரண்டு கால்களையும் சுவரில் தூக்கிவைத்தாள். இரத்தம் இறங்க அதுதான் வழி. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்துத் தன் கால்களையும் தூக்கிவைத்தாள். வாத்துவும் வந்தான். பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்த கணவன் நின்று பார்த்தான். எழுநூறோ எண்ணூறோ தடவை அடித்த தோள்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே கடைசி இடத்தில் அவனும் படுத்தான். பாப்பாவை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

“அம்மா, நீ எத்தனாவதா வந்த?” என்றாள் மேனேஜர்.

“முப்பத்தொண்ணாவது.”

“அதுக்கு என்ன பரிசு?”

“பரிசெல்லாம் கிடையாது.”

“முதல் ஆளுக்கு?”

“அவருக்கும் கிடையாது.”

மேனேஜர் கூரையைப் பார்த்தபடி இதை அலசினாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் கணக்கு உதைத்தது. “அப்ப எதுக்கும்மா போன?”

அவள் சரியான பதில் ஒன்றைத் தேடினாள். உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்றெல்லாம் சொல்லலாம். பல் தேய்ப்பதும்கூடத்தான் நல்லது.

“ரொட்டிக்கடையைத் தாண்டி இருபது கிலோமீட்டர்ல ஒரு இறக்கம் வந்துச்சு” என்று ஆரம்பித்தாள். “நீங்க எல்லாரும் முன்னாடி போயிட்டீங்க. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு பக்கமும் புல்லு, இடுப்பு உயரத்துக்கு. மிதிக்கவே வேணாம். சைக்கிள் தானா போகுது, போகப் போக வேகமா போகுது. கண்ணுலேருந்து தண்ணி வருது. பிரேக்ல கைய வச்சேன், ஆனா பிடிக்கல. அப்படியே கத்தினேன்.”

“பயத்துலயா?” என்றான் வாத்து.

“இல்லடா. சும்மா.”

“என்னன்னு கத்தின?”

“வார்த்தையெல்லாம் இல்ல. வெறும் சத்தம்.”

“எப்படின்னு கத்திக் காட்டு.”

“பாப்பா பயந்துக்கும்.”

“கொஞ்சமா கத்து.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பாப்பாவின் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு, ம், ஆகட்டும் என்று தலையசைத்தான். அவள் மூச்சை இழுத்து, அந்த இறக்கத்தில் கத்திய மாதிரியே கத்தினாள். கொஞ்சமாகத்தான் தொடங்கினாள், பாதியில் அது கைமீறிப் போய்விட்டது. கூடத்து விளக்கு அதிர்ந்தது. வாத்து பரவசமாகி அதைவிட உரக்கக் கத்தினான். மேனேஜர், இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். கணவன் தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டான். அது யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது என்று பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

பாப்பா தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கீழுதடு மெல்லப் பிதுங்கியது; அழப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு என்ன நினைத்ததோ, உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி எம்பி, பல்லில்லாத வாயை முழுசாகத் திறந்து, அந்த வீட்டிலேயே பெரிய சத்தமாக ஒன்று போட்டது.